மல்லனுத்து யார்

தோட்டத்துக் கணினி நிலையம்,
பொகவந்தலாவை.
14.07.2008

மதிப்பிற்குரிய கனகாம்பிகை டீச்சர் அவர்களுக்கு,

ஐந்து மாதமாக எழுதாதவன் இப்போது எழுதுகிறேன். காரணம் இல்லாவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

இந்த மாதம் இரண்டாம் திகதி கீழ்ப்பிரிவு லயம் எரிந்துவிட்டது. பகல் பதினொன்றரை மணி. எல்லோரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு காம்பராவில் பிடித்த தீ அந்த வரிசையில் இருந்த பன்னிரண்டு வீட்டையும் கொண்டுபோனது. உயிர்ச்சேதம் இல்லை. உடுத்தியிருந்த துணியைத் தவிர வேறு எதுவும் மிஞ்சவும் இல்லை. பன்னிரண்டு குடும்பமும் இப்போது பள்ளிக்கூட மண்டபத்தில் இருக்கிறார்கள்.

அரிசி வந்தது, துணி வந்தது. தாள்கள்தான் வராது. பிறப்புச் சான்றிதழ், பிரஜாவுரிமைப் பத்திரம், கல்யாணப் பதிவு எல்லாம் தகரப் பெட்டிகளோடு போய்விட்டன. அந்த லயத்தில் ஒன்பது பிள்ளைகள் டிசம்பரில் சாதாரண தரப் பரீட்சை எழுத வேண்டும். அடையாள அட்டை இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். அக்டோபர் முடிவதற்குள் விண்ணப்பம் போக வேண்டும். பதிவாளர் கந்தோரில் விசாரித்தேன். பதிவு எண் இருந்தால் ஒரு வாரத்தில் நகல் தருவார்களாம். எண் இல்லாவிட்டால் பழைய புத்தகங்களைப் புரட்டித் தேட வேண்டும், அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று சொல்ல முடியாதாம். எங்கள் ஆட்களின் பெயரை அந்தப் புத்தகங்களில் யார் எப்படி எழுதி வைத்தார்களோ, அது வேறு.

மூன்று வருடமாக நாம் இரண்டு பேரும் பிரதி எடுத்துக் கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்த அறுநூற்றுச் சொச்சம் பேரின் தாள்களில் இந்தப் பன்னிரண்டு குடும்பத்தின் தாள்களும் இருக்கின்றன. ஆனால் கம்ப்யூட்டருக்குள் நாம் பூட்டுப் போட்டு வைத்த பெட்டிக்குள் இருக்கின்றன. அந்தப் பெட்டியின் பாஸ்வேர்டை நீங்கள் போவதற்கு முன் மாற்றிவிட்டீர்கள்.

அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான தனுஷிகாவின் அம்மா தினமும் வந்து கேட்கிறார். “டீச்சர்கிட்ட குடுத்தது பத்திரமா இருக்கும்லங்க?” இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறேன். என்னால் திறக்க முடியாது என்பதைச் சொல்லவில்லை.

புதிய பாஸ்வேர்டை அனுப்பிவைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். வேலை முடிந்ததும் நீங்கள் மறுபடி மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நல்லமுத்து

*

கோப்பாய்,
யாழ்ப்பாணம்.
11.08.2008

அன்புள்ள நல்லமுத்து,

உங்கள் கடிதம் இருபத்தேழு நாள் பயணம் செய்து நேற்று வந்தது. உறையில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் சந்தோஷப்பட்டுவிட்டேன். திறந்து பார்த்த பிறகு சந்தோஷப்பட்டதற்கு வெட்கப்பட்டேன். அந்தப் பன்னிரண்டு வீட்டுக்கும் நான் போயிருக்கிறேன். தாள் வாங்கப் போன இடத்தில் தேநீர் தராமல் விட்ட வீடு ஒன்றும் இல்லை.

மார்ச்சில் ஒன்று, மேயில் ஒன்று என்று உங்களுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். கிடைத்தனவா, கிடைத்தும் பதில் எழுதவில்லையா என்று தெரியவில்லை. பரவாயில்லை. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

உங்களைப் பொலிஸ் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனது பெப்ரவரி ஐந்து, செவ்வாய்க்கிழமை. யாரைக் கேட்டாலும் எங்கே, எதற்கு என்று தெரியவில்லை. அப்பாவுக்குப் பாரிசவாதம், ஒரு பக்கம் விழுந்துவிட்டது என்று தகவல் வந்து, தரைப்பாதை மூடியிருப்பதால் நான் ஊருக்குப் போகக் கப்பலில் இடம் கேட்டிருந்தது உங்களுக்குத் தெரியும். இடம் கிடைத்தது வெள்ளிக்கிழமைக்கு. அதை விட்டால் எப்போது என்று சொல்ல ஆளில்லை. புதன் காலை எட்டரை மணிக்கு நிலையத்தைத் திறந்து உள்ளே போனேன். அறுநூறு பேரின் பெயரும் விலாசமும் அடையாள எண்ணும் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. யாழ்ப்பாணத்தாள் ஒருத்தி மலையில் உட்கார்ந்து இதையெல்லாம் ஏன் சேர்க்கிறாள் என்று ஒருவர் கேட்டால் நான் எந்தப் பதிலைச் சொல்லித் தப்புவது? பழைய கடவுச்சொல் நம் இருவருக்கும் தெரியும். புதியது உங்களுக்குத் தெரியாவிட்டால், தெரியாததை உங்களிடமிருந்து யாரும் பிடுங்க முடியாது என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். அதை உங்களிடம் சொல்லிவிட்டுப் போக நீங்கள் அங்கே இல்லை.

தொலைபேசியில் இதைச் சொல்ல எனக்குப் பயம். கடிதமும் உங்கள் கைக்கு வருமுன் யார் யார் கையில் இருந்துவிட்டு வருமோ. ஆகவே இப்படி எழுதுகிறேன். நம்மிடம் தாள் கொடுத்தவர்களில் மூன்று பெயர்க்காரர் ஒருவர் உண்டல்லவா? பிரஜாவுரிமைப் பத்திரத்தில் ஒரு பெயர், தோட்டச் சம்பளப் பதிவான செக்ரோலில் வேறு, சேமலாப நிதி அட்டையில் இன்னொன்று. நாம் சிரித்தோம், அவரும் சிரித்தார். அவருடைய இரண்டாவது பெயர், தாளில் இருக்கும் அதே ஆங்கில எழுத்தில், முதல் எழுத்துப் பெரியது. அதை ஒட்டி, மூன்றாவது தாளில் இருக்கும் பிறந்த வருடம். இடைவெளி இல்லை.

திறந்ததும் ஒரு வரி போடுங்கள்.

அன்புடன்,
கனகாம்பிகை

*

பொகவந்தலாவை.
02.09.2008

டீச்சர்,

உங்கள் கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நீங்கள் சொன்னவரின் மூன்று தாளும் அதே பூட்டிய பெட்டிக்குள்தான் இருக்கின்றன. எழுதும்போது அது உங்களுக்குத் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மழையில் மேற்பிரிவுக்கு நடந்தேன். அவருடைய லயம் எரியாத லயம் என்பதால் தாள்கள் இருந்தன. பொலிதீன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, “என்னா தம்பி, மறுபடியும் பேரு மாறிருச்சா?” என்று கேட்டார். இல்லை என்று சொல்லி, இரண்டாவது பெயரையும் மூன்றாவது வருடத்தையும் எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதிக்கொண்டு வந்தேன்.

பெட்டி திறக்கவில்லை. நீங்கள் சொன்னபடியே அடித்தேன். திறக்கவில்லை. முதல் எழுத்தைச் சின்னதாக்கினேன். எல்லா எழுத்தையும் பெரியதாக்கினேன். இடைவெளி விட்டேன். முதல் பெயர், மூன்றாவது பெயர், வருடத்தை மாற்றி மாற்றி என்று நாற்பத்து மூன்று விதம் அடித்துப் பார்த்துத் தாளில் குறித்து வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். இந்த மாதிரிப் பூட்டுக்கு மாற்றுச் சாவி செய்யவே முடியாது, போட்டவர் சொன்னால்தான் உண்டு என்று திருப்பித் தந்துவிட்டார். அதை நிறுவியவனே நான்தான். எனக்கு அது தெரியாதா? இருந்தும் கொண்டுபோனேன்.

ஆகவே எனக்கு இரண்டு விதமாகத்தான் யோசிக்க முடிகிறது. நீங்கள் மறந்துவிட்டீர்கள். அல்லது, சொல்ல விரும்பாமல் ஏதோ ஒன்றை எழுதி அனுப்பினீர்கள். நீங்கள் மறக்கிறவர் இல்லை. முந்நூறு பிள்ளைகளின் கணக்குப் புள்ளியை வாயால் சொல்கிறவர்.

இதை எழுதக் கூடாது என்று இருந்தேன், எழுதிவிடுகிறேன். உங்கள் ஊரிலிருந்து இங்கே படிப்பிக்க வந்தவர்கள் எங்களை ஒரு கை தூரத்தில்தான் வைப்பார்கள் என்று எங்கள் அப்பா சொல்வார். உங்களைப் பார்த்த பிறகு அவரோடு நான் சண்டை பிடித்திருக்கிறேன். என்னைக் கொண்டுபோன மறுநாள் காலை நீங்கள் எனக்காக ஆங்கிலத்தில் நற்சாட்சிக் கடிதம் ஒன்று அடித்து, தோட்டத் தலைவர் பொன்னையாவிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அவர் வியாழக்கிழமை அதைக் கொண்டுவந்தார். உள்ளே இருந்தவர் வாசித்துவிட்டுத் தலையை நிமிர்த்தி, “மே மல்லனுத்து கவுத?” என்று கேட்டார். இந்த மல்லனுத்து யார் என்று.   கடிதத்தில் என் பெயர் அப்படித்தான் இருந்தது. வேறு யாருக்கோ எழுதிய கடிதம் என்று ஓரத்தில் வைத்துவிட்டார்கள். சனிக்கிழமைதான் என்னை விட்டார்கள்.

ஆறு வருடம் ஒரே மேசையில் வேலை செய்தவனின் பெயரை ஒழுங்காக எழுத நேரமில்லையா டீச்சர்? பொன்னையா இன்னும் என்னை அப்படித்தான் கூப்பிட்டுச் சிரிக்கிறார்.

பிள்ளைகளுக்கு இன்னும் எட்டு வாரம் இருக்கிறது.

நல்லமுத்து

*

கோப்பாய்.
22.09.2008

நல்லமுத்து,

எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. நான்கு நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் சொன்னது சரி. இப்படி எழுதிவிட்டு, சரிதானா என்று யோசிக்கிறேன். அப்பாவுக்குப் பேச்சு வந்துவிட்டது, ஆனால் சொற்கள் இடம் மாறி வருகின்றன. தண்ணீர் வேண்டும் என்றால், “பிள்ளை, அந்தத் திறப்பை எடு” என்கிறார். சாவியை எடுத்துக் கொடுத்தால், இதையா கேட்டேன் என்று கோபிக்கிறார். தான் சரியாகச் சொல்கிறேன் என்பதில் அவருக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து அவரைப் பார்க்கும்போதெல்லாம் என்னையே கேட்டுக்கொள்கிறேன். நானும் அப்படித்தானா? மனதில் ஒரு பெயர் இருக்க, கை வேறொன்றை அடித்ததா? அல்லது அடித்தது ஒன்று, இப்போது நினைவில் இருப்பது வேறா? கொப்பியில் அதை நாற்பது தரம் எழுதினேன். நாற்பதும் ஒன்றாகத்தான் வந்தன. அதனால் என்ன நிரூபணம்?

பொய்யான கடவுச்சொல்லை உங்களுக்கு அனுப்பினேன் என்று நீங்கள் நினைத்ததற்குப் பதில் எழுதப் போவதில்லை. எழுதினால் அழுவேன், தாள் வீணாகும்.

உங்கள் பெயரைப் பற்றி எழுதுகிறேன். அந்தக் கடிதத்தை முழுதாக நான் அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்காக வைத்திருந்த பழைய நற்சாட்சிக் கடிதத்தைத் திறந்து, அதிலிருந்த பெயரை அழித்துவிட்டு உங்கள் பெயரை அடித்தேன். பஸ்ஸுக்கு ஏழு நிமிடம் இருந்தது. அச்சில் வந்ததை வாசிக்காமல் மடித்துக் கொடுத்தேன். அது என் பிழை. ஆனால் அதை மல்லனுத்து என்று எப்படி அடித்தேன் என்பதுதான் விளங்கவில்லை. நான் உங்களைப் போலப் பார்க்காமல் அடிக்கிறவள் இல்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கீபோர்டில் தேடி, கண்ணால் கண்டுதான் ஒரு விரலால் குத்துவேன். கோழி கொத்துவது போல என்று நீங்கள் சொல்வீர்கள். கண்டு குத்துகிறவள் ஒரே பெயரில் இரண்டு இடத்தில் பிழை விடுவாளா?

அந்தப் பெயரை ஆங்கிலத்தில் எழுதி வைத்துப் பார்த்தேன். நேற்று மாலை, அப்பாவுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. உங்கள் பெயரில் என் (N) என்ற எழுத்து வர வேண்டிய இடத்தில் எம் (M) வந்திருக்கிறது. எம் வர வேண்டிய இடத்தில் என் வந்திருக்கிறது. மற்ற எழுத்தெல்லாம் சரி. இது அவசரப் பிழை இல்லை. கீபோர்டில் அந்த இரண்டு கட்டையும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன. அன்று காலை அவை இடம் மாறி இருந்திருந்தால்? நான் எம்மைக் கண்டு குத்த, உள்ளே என் போயிருக்கும்.

கடவுச்சொல்லை மாற்றியதும் அதே கீபோர்டில், அதே காலையில்தான். அதை அடிக்கும்போது திரையில் வெறும் புள்ளிகள் விழும், எழுத்துத் தெரியாது. இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் ஒரே பிழையை ஒரே மாதிரி விட்டிருப்பேன். அதுவும் சரி என்று ஏற்றுக்கொண்டிருக்கும்.

நான் சொன்னதையே மறுபடி அடியுங்கள். எம் இருக்கும் இடத்தில் என், என் இருக்கும் இடத்தில் எம். அதுவும் இல்லையென்றால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. என்னிடம் கேட்கவும் வேண்டாம், என் சொல்லை நம்பவும் வேண்டாம்.

உங்கள் பெயரைக் கெடுத்ததற்கு மன்னியுங்கள். சொல்லாமல் மாற்றியதற்கும் மன்னியுங்கள்.

கனகாம்பிகை

*

பொகவந்தலாவை.
13.10.2008

அன்புள்ள டீச்சர்,

திறந்துவிட்டது. முதல் தடவையிலேயே.

எல்லாம் அப்படியே இருக்கின்றன. தனுஷிகாவின் பதிவு எண் இருக்கிறது, ஒன்பது பிள்ளைகளுடையதும் இருக்கிறது. இப்போதே அச்செடுத்துக்கொண்டிருக்கிறேன், பத்தரை பஸ்ஸில் பதிவாளர் கந்தோருக்குப் போகிறேன்.

அந்தக் கீபோர்ட் ஏப்ரலில் கூரை ஒழுகிக் கெட்டுப்போய்ப் புதியது வாங்கினோம். பழையதைச் சாமான் பெட்டியில் தேடி எடுத்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே இருக்கிறது. எம்மின் இடத்தில் என், என்னின் இடத்தில் எம். மாற்றி வைத்தது நான். சுதந்திர தினக் கொடியேற்றத்துக்கு ஆட்கள் வருகிறார்கள் என்று இரண்டு நாள் முன்னால் கட்டைகளை எல்லாம் கழற்றிச் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். திருப்பி வைக்கும்போது பிழைத்திருக்கிறேன். நான் கட்டையைப் பார்த்து அடிக்காததால் எனக்குத் தெரியவே இல்லை.

பஸ் வரப்போகிறது. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

நல்லமுத்து

*

பொகவந்தலாவை.
29.10.2008

அன்புள்ள டீச்சர்,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் இதை எழுதுகிறேன்.

ஒன்பது விண்ணப்பமும் நேற்றுப் போய்விட்டன. ஒரு பிள்ளையின் பெயர் பதிவில் வேறாக இருந்ததால் அங்கேயே நின்று வாதாட வேண்டியிருந்தது. நம் மூன்று பெயர்க்காரர் மாயாண்டியின் பெயரையும் வருடத்தையும் இனி மறைத்து எழுத வேண்டியதில்லை, ஏனென்றால் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். பன்னிரண்டு குடும்பத்துக்கும் இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்றை அவர்கள் கையில் கொடுத்தேன், மற்றதைக் கோயில் பெட்டகத்தில் வைக்கச் சொன்னேன். மற்றக் குடும்பங்களுக்கும் அப்படியே செய்து வருகிறேன். எல்லோருடைய தாளும் ஒருவருடைய ஞாபகத்தை நம்பி இருக்கக் கூடாது என்று பட்டது.

நீங்கள் என்னிடம் இரண்டு விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்டு எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை. அதனால் இதைச் சொல்கிறேன்.

நீங்கள் பாஸ்வேர்டை மாற்றியது எனக்கு எப்படித் தெரியும் என்று நீங்கள் கேட்கவே இல்லை. என்னைக் கொண்டுபோன செவ்வாய்க்கிழமை மாலை அவர்கள் கம்ப்யூட்டரில் என்ன இருக்கிறது என்று கேட்டார்கள். சொன்னேன். எப்படித் திறப்பது என்று கேட்டார்கள். அதையும் சொன்னேன் டீச்சர். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அப்போது என்னை யாரும் அடிக்கவில்லை. அடிப்பார்கள் என்று நினைத்தேன், அதற்கே சொல்லிவிட்டேன்.

புதன்கிழமை பகல் என்னை நிலையத்துக்குக் கூட்டிவந்து, நீயே திற என்று உட்கார வைத்தார்கள். நீங்கள் பூட்டிவிட்டுப் போய் மூன்று மணி நேரம் இருக்கும். பழைய பாஸ்வேர்டை அடித்தேன். திறக்கவில்லை. இன்னும் இரண்டு தடவை அடித்தேன். ஏமாற்றுகிறாயா என்று ஒருவர் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அடித்தார். இல்லைங்க, உண்மையாத்தான் சொல்றேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் சொன்னது உண்மைதானே. சொல்லச் சொல்ல இன்னும் விழுந்தது. அதன் பிறகு அந்தக் காது சரியாகக் கேட்பதில்லை. சளி என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு தடவை போனில் கூப்பிட்டபோதும் எடுக்காமல் விட்டேன். உங்கள் இரண்டு கடிதமும் வந்தன, பிரிக்காமல் வைத்திருந்தேன்.

அடி விழுந்தபோது அடித்தவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உங்கள் மேல் வந்தது. அதுதான் எனக்கே விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால், நீங்கள் மாற்றாவிட்டால் அறுநூறு பேரின் விவரமும் என் வாயால் போயிருக்கும். பிறகு அவர்கள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போகாமல் விட்டது பொன்னையா பேசிய பேச்சால். நான் அதற்குள் செய்யக் கூடியதைச் செய்து முடித்துவிட்டேன். நீங்கள் என்னை நம்பவில்லை என்று உங்களுக்கு எழுதினேன். நம்பாமல் இருந்தது சரி என்று எனக்குத் தெரிந்ததால்தான் அப்படி எழுதினேன்.

தனுஷிகாவின் அம்மா உங்களுக்குச் சுகம் விசாரித்து எழுதச் சொன்னார். அவர்கள் யாருக்கும் இது தெரியாது. நீங்கள் சொல்ல நினைத்தால் சொல்லலாம்.

நல்லமுத்து

*

கோப்பாய்.
24.11.2008

அன்புள்ள நல்லமுத்து,

நீங்கள் கேட்பது போல அவர்களிடம் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. தாள் கொடுத்தார்கள், தாள் கிடைத்தது.

ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நானாக இருந்தால் ஜீப்பில் ஏற்றியபோதே சொல்லியிருப்பேன். இதை உங்களை ஆற்றுவதற்காக எழுதவில்லை. நான் இங்கே வரும் வழியில் கப்பலுக்கு முன் வரிசையில் நின்றபோது ஒரு பெண் என் பையைத் திறக்கச் சொன்னார். கேட்காததையெல்லாம் நானே சொன்னேன். அப்பாவின் மருந்துப் பெயர் வரைக்கும் சொன்னேன்.

உங்களுக்குத் தெரியாததை யாரும் பிடுங்க முடியாது என்று நினைத்து மாற்றினேன். உங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் கேட்பார்கள் என்றும், நீங்கள் உண்மையைச் சொல்வீர்கள் என்றும், நான் செய்த வேலையால் அது பொய்யாகிப் போகும் என்றும் நினைக்கவில்லை. எட்டரை மணிக்குக் கெட்டிக்காரத்தனம் என்று ஒன்றைச் செய்துவிட்டு பஸ் ஏறினேன். பன்னிரண்டு மணிக்கு அது உங்கள் மேல் விழுந்திருக்கிறது. அந்த நேரம் நான் பஸ்ஸில் பாண் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். இது சரியா பிழையா என்று பத்து நாளாக யோசிக்கிறேன். மாற்றாமல் விட்டிருக்க வேண்டும் என்று சொல்லவும் முடியவில்லை, மாற்றியது நல்லது என்று சொல்லவும் வாய் வரவில்லை. நீங்களும் நானும் இதை இப்படியே வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அக்கா வவுனியாவிலிருந்து வந்து அப்பாவோடு இருக்கச் சம்மதித்துவிட்டாள். எனக்குப் பயண அனுமதி ஜனவரி பத்துக்குப் பிறகு என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்ன திகதியில் கிடைத்தால் அந்த மாதம் மூன்றாம் வாரம் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவேன். டிசம்பர் எட்டாம் திகதி பரீட்சை தொடங்குகிறது. ஒன்பது பேரும் போனார்களா என்று எழுதுங்கள்.

டிக்கோயா ஆஸ்பத்திரியில் காதுக்குக் காட்டலாம். சளி என்று அங்கே சொல்லாதீர்கள்.

இன்னொன்று. எந்தக் காது என்று நீங்கள் எழுதவில்லை. நான் வந்தால் எந்தப் பக்கம் இருந்து உங்களோடு பேச வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

கனகாம்பிகை